ரோஜாப்பூ போட்ட கம்பளி

விசா வந்து டிக்கெட்டும் போட்ட பிறகு தையல்நாயகி செத்துப்போனாள். ஆனால் விசா செல்லுபடியாகத்தான் இருந்தது, டிக்கெட்டும் ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட், அதனால் குறித்த தேதியில் அவள் திருச்சியில் விமானம் ஏறி, மகள் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, துபாய் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் வந்து நின்றாள். சுடுகாட்டுக்குத் தூக்கும்போது கட்டிவிட்ட அரக்குக் கூறைப்புடவை கசங்காமல் இருந்தது. நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசைச் சோதனைக்காரர்கள் கழற்றச் சொல்லி, செருப்போடு தட்டில் வைத்து அனுப்பினார்கள் என்றும், அந்தப் பக்கம் வந்ததும் எடுத்து ஒட்டிக்கொண்டேன் என்றும் சொன்னாள். முத்திரை குத்திய அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மெலிந்துவிட்டீர்கள் என்று கையால் காட்டினாராம். அவருக்கென்ன, தேதி சரியாக இருந்தால் போதும்.

மகளை மட்டும் எதிர்பார்த்துக் கம்பியோரம் நின்றிருந்த வீரசேகரனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்கூட இல்லை, வெட்கம். அவள் இறந்த செய்தி வந்தபோது ஹோட்டல் லாண்டரியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சீசன் முடியட்டும் என்றார் சூப்பர்வைசர். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள், போய் என்ன ஆகப்போகிறது என்று இவனும் சொல்லிக்கொண்டான். அந்த ஊரில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிற வாக்கியம்தான் அது. சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருந்தான்.

"வந்துட்டியா தையலு" என்றான்.

"என்னங்க இப்படி இளைச்சிருக்கீங்க" என்றாள் அவள், "ஒழுங்கா சாப்புடுறீங்களா இல்லையா?"

நெய்னா முகம்மது வேனோடு வெளியே காத்திருந்தான். அதிராம்பட்டினத்துக்காரன், சுற்றுலாக் கம்பெனிக்கு வேன் ஓட்டுபவன், வீரசேகரனுடன் ஒரே அறையில் வருஷக்கணக்காகப் படுத்து எழுந்தவன். தையல்நாயகியைப் பார்த்ததும் இறங்கி வந்து பெட்டியை வாங்கி ஏற்றி, பின் கதவைத் திறந்துவிட்டு, "உக்காருங்க அண்ணி, ஏசி போட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வீரசேகரனின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

அவர்கள் தங்கியிருந்தது சத்வா பக்கத்துப் பழைய வில்லா ஒன்றில். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்தையே உள்ளே அடைத்திருந்தார்கள். வீரசேகரனின் குடும்பம் வருகிறது என்று அறைக்காரர்கள் ஒரு தடுப்பை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள். திசையன்விளைக்காரன் திரவியம், கஃபேயில் சமையல் வேலை, வாசலிலேயே நின்று வரவேற்றான்.

"வாங்க மதினி. சாயா போடட்டா?"

"வேணாண்ணே. வாய்க்கரிசியே இன்னும் தீரல" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பஞ் சரி. பிள்ளைக்கு மட்டும் போடுதேன்."

வில்லாவில் அதற்குப் பிறகு எழுந்த பேச்செல்லாம் குளியலறை யாருக்கு எப்போது என்பதைப் பற்றித்தான் எழுந்தது, அதுவும் இரண்டு நாளில் தீர்ந்துபோயிற்று. மே மாதத்து வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்து இறங்கும். ஊற்றினால் தோல் வழன்றுவிடும். நம் ஆட்கள் முந்தின நாளே வாளியில் பிடித்து ஆறவைத்துக் குளிப்பார்கள். தையல்நாயகி தற்செயலாக ஒரு வாளியில் கையை விட்டபோது தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகக் குளிர்ந்தது. மறுநாள் டியூட்டிக்குப் போகிற நேரத்தில் தடுப்பு வாசலில் வாளிகள் வரிசையாக நின்றன, பின்பக்கத்துப் பெங்காலிகளும் அடுத்த வில்லா மாணிக்கவாசகமும்கூட வாளியோடு நின்றார்கள், அவளும் ஒவ்வொன்றிலும் கையை விட்டு எடுத்து, "போதுமாண்ணே, இன்னுங் கொஞ்சம் குளிரணுமா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். செத்தவள் கை பட்ட தண்ணீர் என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறபோது, இந்த அக்கா இங்கேயே இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். வீரசேகரனுக்கும் அந்த எண்ணம்தான், ஆனால் அவன் தண்ணீருக்காக எண்ணவில்லை.

ஊர் சுற்றிக் காட்டும் திட்டத்தை இவர்கள் தை மாதத்திலிருந்தே போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு தொடங்கி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சட்டசபை மாதிரி கூடி, முதல் நாள் எங்கே, இரண்டாம் நாள் எங்கே, எங்கே போனால் நிழல் கிடைக்கும், எங்கே போனால் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும் என்று கூச்சல் போட்டுத் தீர்மானித்திருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் கூடியிருந்தவர்களில் ஒருத்தரும் அந்த இடங்களுக்கு உள்ளே போனதில்லை. நெய்னாவுக்கு எல்லா இடத்து வாசலும் தெரியும், வாசலோடு சரி. திரவியத்துக்கு எந்த மாலுக்குப் பின்னால் எந்தச் சந்தில் பரோட்டா கிடைக்கும் என்று தெரியும். வீரசேகரனுக்கு அந்த ஹோட்டல்களில் படுத்து எழுந்தவர்களின் விரிப்புகள் தெரியும். இவ்வளவு ஞானத்தையும் ஒன்றாகக் கலந்து போட்ட திட்டத்தில் பாதி, அவள் வந்த பிறகு பார்த்தால், வெயில் காலத்தில் மூடிக் கிடந்தது. பூந்தோட்டம் ஐப்பசிக்கு மேல்தான் திறப்பார்களாம்.

மிச்சமிருந்த இடங்களை வீரசேகரன் மெதுவாகக் காட்டினான். விமானத்தில் வருகிற எல்லாரும் முதல் நாளே ஓடிப்போய்ப் பார்க்கிற, உலகத்திலேயே உயரமான அந்தக் கட்டிடத்தை மட்டும் கடைசி கடைசி என்று தள்ளி வைத்தான். ஊரைப் பார்க்கத்தானே வந்தாள், பார்க்க ஒன்று மிச்சமிருக்கிற வரைக்கும் எப்படிப் போவாள் என்பது அவன் கணக்கு. டியூட்டி முடிந்து வந்து, ஒரு நாள் ஊருக்கு நடுவே நுழைகிற கடற்கழியில் மரப்படகில் ஏற்றி அக்கரை கூட்டிப்போய் அதே படகில் திரும்பக் கூட்டிவந்தான். ஒரு நாள் பாட்டுக்கு ஆடுகிற நீரூற்று. ஒரு நாள் கண்ணாடிக்குப் பின்னால் சுறா நீந்துகிற இடம்; அங்கே சுறா எல்லாரையும் விட்டுவிட்டுத் தையல்நாயகிக்கு எதிரே வந்து அசையாமல் நின்றது, அவளும் ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். தங்கக் கடைத் தெருவில் கடைப்பையன்கள் "வாங்கக்கா, அக்கா" என்று கூப்பிட்டார்கள். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த அவள் கழுத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பதினோரு வயது இலக்கியாவுக்கு அம்மா வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அம்மா அவளைத் தனியாக எங்கேயும் அனுப்பியதில்லை, துபாய்க்கு மட்டும் அனுப்பிவிடுவாளா? அவளுடைய குறையெல்லாம் அந்தக் கட்டிடத்தின் மேல்தான்.

"எப்பப்பா மேல ஏறுவோம்?"

"டிக்கெட்டு கெடைக்கலம்மா. கூட்டம்."

"நெய்னா மாமா காலியாத்தான் இருக்குன்னாங்களே."

வீரசேகரன் நெய்னாவைப் பார்க்க, நெய்னா சாலையைப் பார்த்தான்.

விசாப் படிவங்கள் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டருக்குப் போய், வீரசேகரன் விசிட் விசாவைக் குடும்ப விசாவாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தான். மாற்றலாம் என்றார் அங்கே இருந்த மலையாளி, மனைவிதானே, தாராளமாக மாற்றலாம், ஆனால் மெடிக்கல் உண்டு, ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் எடுப்பார்கள். ரத்தம் இல்லாதவர்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று வீரசேகரன் கேட்டான். அவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பிரிவு இன்னும் வரவில்லை என்றார்.

பிறகு ஒரு நாள், மாலுக்குள் பனி கொட்டுகிற கூடத்துக்குப் போனார்கள். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே முழங்கால் வரைக்கும் பனி. வாசலில் ஆளுக்கொரு கோட்டும் பூட்ஸும் கொடுத்தார்கள். இலக்கியா சறுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது தையல்நாயகி கோட்டின் கையை இழுத்து விட்டுக்கொண்டே பனியைப் பார்த்தாள்.

"அங்கயும் இப்படித்தாங்க இருக்கு" என்றாள். "கோட்டுதான் குடுக்க மாட்டாங்க."

"ரொம்பக் குளிருதா?"

"பழகிடும்ங்குறாங்க. எனக்கு இன்னும் பழகல."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புதிதாகக் குடிபோன தெருவில் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் வீரசேகரனுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. ஏன் என்று தெரிய, கம்பளியின் கதை தெரியவேண்டும்.

கல்யாணமான புதிதில் தையல்நாயகி அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, துபாய்க் கம்பளி. பஞ்சு மெத்தை கனத்தில், பெரிய ரோஜாப்பூ போட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வருமே, அது. ஒரத்தநாட்டு வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்கக்கூடாது. வெளிநாட்டுக்காரன் வீடு என்றால் பீரோவுக்கு மேல் அது இருக்கவேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவன் அதை வாங்கிப் பெட்டியில் வைத்தான். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தின வாரம் வில்லாவே திரண்டு வந்தது. ஊருக்குப் போகிறவனிடம் பார்சல் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். இவன் தைலப் பாட்டில், அவன் பால்மாவு டின், இன்னொருத்தன் தங்கைக்குச் சேலை. வாங்கமாட்டேன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அவன் பார்சலை அப்புறம் எவனும் தொடமாட்டான். விமான நிலையத்துத் தராசில் எடை கூடும். கூடினால் எடுப்பது நம் சாமானைத்தான், நம்பிக் கொடுத்தவன் சாமானை எடுக்கக்கூடாது, அது அமானிதம் என்பான் நெய்னா. கனம் கம்பளியில்தான் இருந்தது. அதனால் கம்பளி ஒவ்வொரு முறையும் தராசடியிலேயே பெட்டியை விட்டு இறங்கி, வழியனுப்ப வந்தவனோடு வில்லாவுக்குத் திரும்பி, கடைசியில் யாராவது போர்த்திக் கிழிந்தது. தையல்நாயகி ஒவ்வொரு முறையும், "அதனால என்ன, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள்.

பனிக்கூடத்திலிருந்து நேராகத் தேரா கடைத்தெருவுக்குப் போய், கடையிலேயே தடித்த கம்பளியாகப் பார்த்து வாங்கினான். சிவப்பு ரோஜா, பச்சை இலை, ஓரத்தில் பட்டு நாடா. தையல்நாயகி உறையைத் திறக்காமல் மேலேயே தடவிப் பார்த்துக்கொண்டு வேனில் வந்தாள். செத்த பிறகு அவள் முகத்தில் அவன் பார்த்த ஒரே சந்தோஷம் அது.

அதைத் தோளில் சுமந்துகொண்டு வில்லாவுக்குள் நுழைந்ததுதான் தப்பாகப் போயிற்று. கம்பளி வாங்கினால் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். திரவியம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. எங்கம்ம அங்கனதான் இருக்கா. போன வருசம் போனா. நான் போகல்ல. நைலக்ஸ் சேலை ஒண்ணு, வெத்தலை இடிக்க ஒரு சின்ன உரல். கண்டா குடுத்திருவியளா?"

தையல்நாயகி வீரசேகரனைப் பார்த்தாள். அவள் போகமாட்டாள், பார்சல் எல்லாம் கிடையாது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இலக்கியா பிறந்தபோது அரைஞாண் கொடியைச் சட்டைப் பைக்குள் வைத்து ஒரத்தநாடு வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்புறம் தன் ஊருக்குப் போனவன் திரவியம். அவனிடம் எப்படி இல்லை என்பது? பழக்கம் முந்திக்கொண்டது.

"அதுக்கென்ன, குடு" என்றான் வீரசேகரன், என்ன சொன்னோம் என்பது பொட்டலம் அவன் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவ்வளவுதான். தண்ணீர் வாளியோடு வந்தவர்கள் எல்லாரும் இப்போது பொட்டலத்தோடு வந்தார்கள். போய் என்ன ஆகப்போகிறது என்று ஒரு தடவை சொன்னவர்கள் எல்லாரும் வந்தார்கள். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி, அண்ணனுக்கு அவன் கேட்டு வாங்கிக் கொடுக்காத சென்ட் பாட்டில், தாத்தாவுக்கு டார்ச் லைட்டு, அங்கே இருட்டோ என்னவோ. பெங்காலிகள் பெயரையும் ஊரையும் அவர்கள் எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதே என்றதற்கு, அங்கே படித்தவர்கள் இருப்பார்கள் என்றார்கள். கடைசியாக நெய்னா, எதற்கும் முன்னால் நிற்கிறவன், எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து ஒரு சின்ன மூன்று சக்கர சைக்கிளைக் கொண்டுவந்து வைத்தான். அவனுடைய தலைப்பிள்ளை பிறந்து தொண்ணூறு நாள் கழிவதற்குள் இறந்துபோனது. அவன் முகம் பார்த்ததில்லை.

"வளந்திருப்பானா என்னன்னு தெரியல அண்ணி" என்றான். "வளரலன்னா கொஞ்ச நாள் கழிச்சு ஓட்டட்டும். பெட்டில போட்டா ஒடிஞ்சிரும். கையில கொண்டு போவீங்களா?"

"கையிலயே கொண்டு போறேண்ணே" என்றாள் தையல்நாயகி.

அன்று வீரசேகரன் அவளிடம் வாய்விட்டே கேட்டான். போகாதே என்றான். விசா முடிந்தால் முடியட்டும், அபராதம் கட்டிக்கொள்ளலாம், யாரும் தேடி வரமாட்டார்கள், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்த்துவிடலாம் என்றான். அவள் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உடைகிறது நடுவில் வரும்படி, துணி சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத்தன பேருகிட்ட சாமான் வாங்கியாச்சேங்க" என்றாள். "வாங்குனது நீங்கதானே."

அதற்கு மேல் தள்ளிவைத்து என்ன பயன்? மறுநாளே அந்தக் கட்டிடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனான். காது அடைத்தது, கதவு திறந்தது, கீழே நகரம் கண்ணாடியும் மணலுமாகக் கிடந்தது. இலக்கியா ஓடி ஓடிப் பார்த்தாள். தையல்நாயகி கண்ணாடியில் நெற்றிக் காசு இடிக்கக் குனிந்து நின்று, "நம்ம ரூமு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். அவன் இந்தப் பக்கம் காட்டினான், அந்தப் பக்கம் காட்டினான், வேலை செய்கிற ஹோட்டலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தான். இத்தனை வருஷம் இருந்த இடம் அங்கிருந்து தெரியவே இல்லை. "பரவாயில்ல, பார்த்த மாதிரிதான்" என்று அவள் திரும்பிவிட்டாள்.

விமான நிலையத்துக்கு நெய்னாவும் திரவியமும் கூட வந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பெட்டி, இல்லாதவர்களுக்கு ஒரு பெட்டி. இரண்டையும் அதற்குரிய எடையில் கட்டி, இரண்டாவதன் மேல்தட்டில் மூச்சுமுட்ட அழுத்தி ஜிப்பை இழுத்துக் கம்பளியை அடைத்திருந்தான் வீரசேகரன். தராசில் வைத்ததும் கவுண்டர்ப் பெண் தலையை ஆட்டினாள். ஐந்து கிலோ கூட. செத்தவர்களுடைய சாமான் வில்லாவில் எடை போட்டால் ஒன்று, விமான நிலையத்துத் தராசில் வேறு என்பது யாருக்கும் தோன்றாமல் போயிற்று.

கம்பளியைக் கையில் கொண்டுபோகட்டுமே என்றான் வீரசேகரன். கையில் ஆளுக்கு ஒன்றுதான் என்றாள் கவுண்டர்ப் பெண். தையல்நாயகியின் கையில் சைக்கிள் இருந்தது, இலக்கியாவின் முதுகில் அவள் பை. போர்த்திக்கொண்டு போகட்டும் என்றான். கவுண்டர்ப் பெண் கம்பளியின் பருமனைப் பார்த்து, அதுவும் ஒரு உருப்படிதான் என்றாள், வருத்தமாகத்தான் சொன்னாள். கூடுதல் எடைக்குக் கட்டிவிடுகிறேன் என்றான். விமானம் நிறைந்துவிட்டது, இன்றைக்குக் கூடுதலே எடுக்கவில்லை என்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

திரவியம் முன்னால் வந்தான். "அண்ணாச்சி, எங்கம்மைக்குள்ள உரலை எடுத்திருங்க. அவளுக்குப் பல்லே கெடையாது. வெறுஞ் சேலை போதும்."

நெய்னா சைக்கிளை வாங்கக் கையை நீட்டினான்.

தையல்நாயகி சைக்கிளைக் கொடுக்கவில்லை. குனிந்து தானே பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள். கம்பளி புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தது. அதை எடுத்து வீரசேகரனின் கைகளில் வைத்து, உறையின் மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டாள்.

"அதனால என்ன" என்றாள். "அடுத்த தடவ பாத்துக்கலாம்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கம்பளியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றதில் அவனால் கையசைக்க முடியவில்லை.

திருச்சியிலிருந்து மச்சான் கூப்பிட்டுப் பிள்ளை மட்டும் வந்துவிட்டாள் என்றார். பெட்டி ஒன்றுதான் வந்ததாம், இன்னொன்று சுற்றுகிற பட்டையில் வரவே இல்லையாம். அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வில்லாவில் சந்தோஷப்பட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் ரசீது மாதிரி ஒரு கனவு வந்தது. திரவியத்தின் அம்மா நைலக்ஸ் சேலை கட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நெய்னாவுக்குக் கனவில் ஆள் தெரியவில்லை, ஆனால் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவன் ஒரு வாரம் சிரித்த முகமாக வேன் ஓட்டினான். வீரசேகரனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவன்தான் ஒன்றும் கொடுத்துவிடவில்லையே.

கம்பளி அலமாரிக்கு மேல் இருந்தது. மார்கழிக் குளிரில் எல்லாரும் நடுங்கியபோதும் யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீரசேகரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய், வருகிறவர்களின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் திரும்பப் போகிறவர்கள் யாராவது வந்தால் கொடுத்துவிடலாம். பொட்டு வைத்தவர்கள் வந்தார்கள், விபூதி பூசியவர்கள் வந்தார்கள், காசு ஒட்டியவர்கள் யாரும் வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அடுத்த வில்லா மாணிக்கவாசகம் அழுதுகொண்டே வந்தான். அம்மாவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்களாம். ஊரைச் சுற்றிக் காட்ட அடுத்த மாதம் கூட்டிவருவதாக இருந்தானாம், விசாகூட வந்துவிட்டதாம். வீரசேகரன் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான், முதுகைத் தடவினான், ஒன்றும் ஆகாது, பிழைத்துக்கொள்வார்கள், தைரியமாக இரு என்று மனசாரச் சொன்னான். சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். கேட்கக்கூடாது என்று தெரிந்தது, அசிங்கமாக இருந்தது, இருந்தாலும் கேட்டான்.

"டிக்கெட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே."

"கேன்சல் பண்ணா பணம் திரும்பாத டிக்கெட்டுதானே?"

"ஆமாண்ணே" என்றான் மாணிக்கவாசகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீரசேகரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கம்பளியை இறக்கித் தூசு தட்டினான்.